அம்பத்தெட்டு கிலோ

பிரேக்கைத் தொட்டால் போதும்,
தொண்ணூத்தாறாம் வருஷத்து ஷோகன்
சிக்னலுக்குச் சிக்னல் மூக்கைத் தரைக்குக் கொண்டுபோகும்,
கடன் கேட்க வந்தவன் மாதிரி.
ஃபோர்க் அடிவரை இறங்கி
டங்கென்று இடிக்கும்.
பேசின் பிரிட்ஜ் இறக்கத்தில் ஒன்று,
மெட்ரோவுக்குத் தோண்டி மூடிய இடத்தில் மூன்று.
மணிக்கட்டில் எண்ணிக்கொண்டே
வேலைக்குப் போவேன்.

வேலை, தராசு சோதிப்பது.
கேரியர் பெட்டியில் முத்திரை குத்திய பித்தளைக் கற்கள்,
ஐந்து, இரண்டு, ஒன்று, அரை,
சாமி நகைபோலத் துணி சுற்றி.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில்
கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங் கேட்டேன்.
கடைக்காரர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"உங்க வெயிட் எவ்ளோ மேடம்?
அதப் பாத்துதான் கம்பி கனம்."
கடையில் இன்னும் நாலு பேர்.
அம்பத்தெட்டு, என்றேன்.
அது என் லைசென்ஸ் போட்டோவின் எடை.

பட்டாளத்தில் டைட்டஸ் முன்சக்கரத்தைக் கழற்றினான்.
மூடியைத் திருகித் திறந்து
உள்ளிருந்து பழைய ஸ்பிரிங்கை உருவினான்,
குடல் எடுப்பதுபோல, மெதுவாக.
புதியதன் பக்கத்தில் நிறுத்தினான்.
பதினாறு மில்லி குட்டை.
இருபத்தெட்டு வருஷத்தில் அவ்வளவுதானா, என்று தோன்றியது.
கவிழ்த்தபோது வந்த எண்ணெய்
மீன் கழுவிய தண்ணீர் நிறம்.
புது ஆயில் பதினைந்து வெயிட்.
எண்ணெய்க்கும் வெயிட் உண்டு,
டப்பாவின் மேலேயே அச்சடித்திருந்தது
வெட்கமே இல்லாமல்.

எல்லாம் பூட்டினான்.
ஃபோர்க் குழாயில் பிளாஸ்டிக் டேக் ஒன்றைச் சுற்றி இறுக்கி
"ஒக்காருங்க மேடம். ஆட வேணாம். எறங்குங்க" என்றான்.
டேப் வைத்தான்.
டேக் தள்ளப்பட்டிருந்த தூரத்தைப் பார்த்தான்.
மறுபடி டேப் வைத்தான்.

"அம்பத்தெட்டுக்கு இவ்ளோ எறங்காதே."

பெட்டி கனம், என்றேன்.

"பெட்டிய அப்பவே எறக்கிட்டனே."

பெட்டி சுவரோரம் இருந்தது.
எட்டரை கிலோ, சான்றிதழோடு.
எதிர்க்கடை டீ கிளாஸ்கள் கலகலத்தன.
டைட்டஸ் வேறொன்றும் கேட்கவில்லை.
வெள்ளை பிவிசி குழாயை எடுத்தான்,
பென்சிலால் கோடு போட்டான்,
கோட்டை அழித்துக் கொஞ்சம் தள்ளிப் போட்டான்.
ஹாக்ஸாவில் அறுத்தான்.
பத்து மில்லி நீளம் கூட.
இரண்டு காலுக்கும் ஸ்பிரிங் மேல் அதைச் செருகி
நெஞ்சால் அழுத்தி மூடியைத் திருகினான்.
என் பொய் எவ்வளவு நீளம் என்று
இப்போது எங்கள் இருவருக்குத் தெரியும்.

புளியந்தோப்பு வேகத்தடையில்
டங் வரும் என்று பல்லைக் கடித்திருந்தேன்.
வரவில்லை.
வண்டி ஏறியது, இறங்கியது,
பேசாமல் போனது.
சிக்னலில் நிமிர்ந்தே நின்றது.
எனக்குத்தான் முதுகை என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள் சிந்தாதிரிப்பேட்டை மீன் சந்தை.
குமுதவல்லியின் தட்டுக்கு அடியில்
ஒரு காந்தத் துண்டு. முப்பது கிராம்.
"அது எப்ப ஒட்டுச்சுன்னே தெரியல மேடம்,
புள்ளைங்க வெளாடியிருக்கும்."
அவள் முகத்தைப் பார்த்தேன்.
நல்ல பொய்தான், கொஞ்சம் ஈரமாக இருந்தது.
ரசீதுப் புத்தகத்தில் கார்பனைச் சரிசெய்ய
வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டேன்.
பிறகு எழுதினேன்.
முழுத் தொகையும்.

வண்டியை எடுக்கும்போது
இடது ஃபோர்க்கின் மூடியை
விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தேன்.
இறுக்கமாகத்தான் பூட்டியிருக்கிறான்.