உதட்டளவு

அந்தேரி கிழக்கு, லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி.
காலையிலிருந்து சாகிறோம்,
நானும் நஸீர் பாயும் முலுண்டு கிறிஸ்டோபரும்.
அம்புக்கு ஒரு சாவு.
கொதிக்கும் எண்ணெய்க்கு ஒன்று, கொஞ்சம் நீளமாக.
சிலுவைக்காரன் யார், சுல்தான் ஆள் யார் என்று
மதியத்துக்குமேல் யாரும் கேட்கவில்லை.
ஷிஃப்டுக்கு ஆயிரத்து எண்ணூறு,
தொண்டைக்கு வெந்நீர் இலவசம்.

நாலாவது ரீலில் தளபதி
குதிரையை நிறுத்திக் கைநீட்டுகிறான்:
"புனித நகரம்!"
அதற்குள் பிரெஞ்சுக்காரன் வாய் மூடிவிடுகிறது.
மிச்சச் சொல் தாடிக்கு வெளியே தொங்குகிறது.
மறுபடி.
வேகமாகச் சொன்னால் ஏலம் போடுவதுபோல் இருக்கிறதாம்.
மறுபடி.
கண்ணாடிக்கு அப்பால் வைதேகி மேடம்
பென்சிலால் ஒரு சொல்லை அடித்துவிட்டு
"நகரம் போதும், சுடலை" என்றார்.

பொருந்திவிட்டது.
பின்னால் நாற்பதாயிரம் பேர்
(நாங்கள் மூவர்தான்)
ஆர்ப்பரித்தோம். முற்றுகை தொடங்கியது.

கடைசிக்கு முந்தின ஸ்லோ லோக்கல்.
மாஹிமில் இறங்கித் தாராவிக்கு நடக்கையில்
சைக்கிளில் டீ விற்கிறவன் கேட்டான்,
"இன்னிக்கு எத்தனை சாவுண்ணே?"
வாயெடுத்தேன், குரல் வரவில்லை.
விரல்களில் காட்டத் தொடங்கினேன்.
இரண்டு கையும் முடிந்து மூன்றாவது முறை மடக்கும்போது
போதும் என்று கிளாஸை நீட்டினான்.