நூல் தெரிந்தவர்கள்

"சம்பளம் இல்லை" என்பதையே
முதல் வரியாக எழுதச் சொன்னார் சற்குணம்.
கடைசியில் எழுதினால் ஏமாற்றினதுபோல் ஆகிவிடுமாம்.
ஏஜெண்டிடம் இரண்டு முறை ஏமாந்தவர்,
அவர் சொன்னால் சரிதான்.

சம்பளம் இல்லை.
வெள்ளி காலை எட்டிலிருந்து பத்தரை.
மங்காஃப், லிஃப்ட் ஓடாத கட்டடத்தின் பேஸ்மென்ட்.
ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை
முப்பத்தொரு பிள்ளைகள்.
டியூஷனுக்குத் தினார் இல்லாத வீடுகள்,
ஃபீஸ் கட்டாமல் பள்ளியே நின்றுபோன இரண்டு வீடுகள்
(இதை எழுதவில்லை).

பகாலா கண்ணாடியில்
காணாமல்போன பூனைக்கும்
'பெட் ஸ்பேஸ், தமிழர் மட்டும்' தாளுக்கும் நடுவே ஒட்டி
கீழ் விளிம்பில் என் நம்பரை
மீன் செதில்போல் நறுக்கிவிட்டேன்.
மூன்றாம் நாள் நான்கு செதில் குறைந்திருந்தது.

ஒருவர்: ஓவர்டைம் உண்டா மேடம்?
ஒருவர்: அக்காமா மாற்றித் தருவீங்களா?
ஒருவர்: மேல் கட்டிலா, கீழ்க் கட்டிலா?
நான்காமவர் பேசவே இல்லை.
பின்னால் ஏதோ கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது,
வைத்துவிட்டார்.

தெரிந்த இன்ஜினியர்கள் எல்லாரும்
"கண்டிப்பா" என்றார்கள்.
பல் கிளினிக் ரிசப்ஷனில் ஒன்பது வருஷம்.
கண்டிப்பாக வருகிறேன் என்றவர் யாரும்
வேர் சிகிச்சைக்கு வந்ததில்லை.

வியாழன் இரவு
கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கே போனேன்.
நோட்டில் மூன்று கட்டம்: பேர், ஊர், படிப்பு.
பேரில் ஓடிய பேனா
ஊரில் கொஞ்சம் சிரித்தது
படிப்பில் நின்றது.
நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்கள்.

படிப்பை அடித்தேன்.
மேலே 'தெரிந்தது' என்று எழுதினேன்.
அப்புறம் வந்தவை:
சமையல், எண்பது பேருக்கு.
ஆறாயிரம் அடி கேபிளைச் சிக்கில்லாமல் சுற்றுவது.
அரபியில் சண்டை.
இன்னாசிமுத்து, பைப் ஃபிட்டர், மணப்பாடு:
"பின்னம். அது மட்டும்."

வெள்ளிக்கிழமை ஒரு ஸ்பேனர் பையோடு வந்தார்.
கரும்பலகைப் பக்கமே திரும்பவில்லை.
"ஒரு இஞ்ச்சுக்கு எட்டு நூல்.
அரை இஞ்ச் எத்தனை நூல்?"
எட்டில் ஐந்து பெரிதா, பதினாறில் ஒன்பது பெரிதா
என்று போன மாதம் நான் கேட்டதற்கு
மீச்சிறு பொது மடங்கில் விழுந்து
எழுந்திருக்காத மர்ழியா,
இரண்டு ஸ்பேனரையும் இரு கையில் வாங்கி
நட்டில் மாட்டிப் பார்த்து
"இது அஞ்சு நூல், அது நாலரை" என்றாள்.
"அரை நூல் லூஸ். கழண்டுடும்."
அவர் தலையாட்டவில்லை, பாராட்டவில்லை.
அடுத்த நட்டை எடுத்துக் கொடுத்தார்,
சக ஃபிட்டரிடம் கொடுப்பதுபோல.

ஐந்து வெள்ளிகள்.

ஆறாவது வாரம் மினா அப்துல்லாவில் ஷட்டவுன்.
பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்,
வெள்ளி என்று ஒரு கிழமையே கிடையாது.
வாட்ஸ்அப்பில் குரல் வந்தது,
காற்றும் இரும்பும் கலந்து:
"மேடம், வீட்டுக்கணக்கு கொடுத்திருந்தேன்.
பார்த்துடுங்க."

பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.
மர்ழியா பார்த்தாள், திருத்தினாள்,
ஒருவனைத் திட்டவும் செய்தாள்.

பூனை கிடைத்துவிட்டது போல, அந்தத் தாளைக் காணோம்.
அந்த இடத்தில் புதிதாக ஒட்ட எழுதினேன்:
சம்பளம் இல்லை. வெள்ளி காலை எட்டு.
நான் பசை தேடும் நேரத்தில் அவள்
கோணல் எழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தாள்:
நூல் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை.

படிக்கிறவர்கள் புத்தகம் என்று நினைப்பார்கள்.
நினைக்கட்டும்.
கத்தரியை எடுத்தேன்.
இந்த முறை பன்னிரண்டு செதில்.