துணிக்கொடிக்கு வடக்கே

உர்மஸ் மறுபடியும் அளக்கிறான்
ரப்பர் பூட்ஸோடு.
சவுனாக் குடில் போக, உருளைக்கிழங்குப் பாத்தி போக,
கழிவுத்தொட்டி மூடி போக
இருபத்தெட்டுக்கு நாற்பது தப்படி.
"ரெண்டு ஆடு தாங்கும்."

சாரேமாத் தீவில் மண் ஒரு சாண்தான்,
கீழே சுண்ணாம்புக் கல்.
ஜூலையிலேயே மொட்டையாகிவிடும், என்றேன்.
அக்டோபர் தொட்டு மே வரை
உலர்புல்லுக்கு யார் காசு?
குடற்புழு வந்தால் மாற்றி மேய்க்க
இன்னொரு துண்டு எங்கே?

"அப்ப ஒண்ணு?"

ஒற்றை ஆடு வேலியோடு நின்று கத்தும்.
ஹெல்யே வீட்டில் கத்தியதே,
பனி விழும்வரை.

அவன் சூப்பை ஆறவிட்டான்.
வேண்டாம் என்றாயிற்று.

இன்று அவன் படகுத்துறைக்குப் போனதும்
துணிக்கொடிக் கம்பத்தைப் பிடுங்கிக்
கற்சுவரோரம் நட்டேன்.
நாலு தப்படி கூடியிருக்கிறது.
அங்கேதான் காற்று, துணி சீக்கிரம் காயும்
என்று சொல்லிக்கொள்ளலாம்.