பள்ளத்தூருக்கு ஏழு லைன்

முந்நூற்றுப் பன்னிரண்டு டெலிபோன்.
காரைக்குடிக்குப் போக ஏழு லைன்.
போதும் என்று கணக்குப் போட்டவன் நான்.

காலை பத்தேகாலிலிருந்து பதினொன்றேகால் வரை
ரேக்குக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து
யார் எடுத்தார், எத்தனை நிமிஷம் பிடித்தார் என்று
பத்து நாள் எண்ணினேன்.
இரண்டரை எர்லாங்.
நூற்றுக்கு ஒருவரோ இருவரோ
எங்கேஜ்டு டோன் கேட்டால் பாதகமில்லை என்றது டேபிள்.

ஆளுக்கொரு லைன் இழுக்கச் செம்புக்கு எங்கே போக?
இங்கே ஒரே வீட்டில் ஆறு புள்ளி,
ஆறு அறை, ஆறு அடுப்பு,
கல்யாணம் வந்தால் பந்தி ஒரே வளவில்.
நானும் அப்படித்தான் வயர் பண்ணினேன்:
ரேக்குக்கு இரண்டு தனி,
மிச்சம் மூன்றும் பொது.

டேபிளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி:
அழைப்பவர்கள்
ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாதவர்கள்
எனக் கொள்க.

லைன்மேன் பெரியகருப்பனுக்குப் படித்துக் காட்டினேன்.
"அப்ப இது வேற ஊரு டேபிள் சார்" என்றார்.

புதன்கிழமை நாலு மணி.
மதுரையில் ஒரு பைனான்ஸ் கம்பெனி ஷட்டரை இறக்கியது.
நாலு ஐந்துக்கு மெ.சித. வீடு எடுத்தது.
பிறகு அவர்கள் சம்பந்தி,
சம்பந்தியின் பங்காளி,
பங்காளியை நம்பிப் பணம் போட்ட
மருந்துக் கடைக்காரர், போஸ்ட் மாஸ்டர்.
கிடைத்தவர் வைக்கவில்லை,
வைத்தால் மறுபடி கிடைக்காது.
கிடைக்காதவர் சுழற்றிச் சுழற்றி
ஒரு வீடு இருபது வீடானது.
தகரத்தில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி
செலக்டர்கள் ஏறின, இறங்கின.

ஏழாவது ஒரு விநாடி ஓய்ந்தது.
கட்டையைச் செருகிவிட்டேன்.
வெளியே யாரும் போக முடியாது,
உள்ளே வரலாம்.
ஊருக்குள் வரவும் ஒரு வழி வேண்டாமா,
ஆஸ்பத்திரியிலிருந்து, எங்கிருந்தாவது?

நாற்பது நிமிஷம்.
ஊரே முட்டிக்கொண்டிருக்க
அந்த ஒரு ஜோடிக் கம்பி சும்மா கிடந்தது.
எனக்கு வேர்த்தது.

நாலு ஐம்பத்தெட்டுக்கு வந்தது கால்.
டெஸ்ட் போனில் கேட்டேன், கேட்கக் கூடாதுதான்.
"புதுவயல் அரிசி மில்லா?"
"இல்லை, இது பள்ளத்தூர். சிகப்பி பேசறேன்."
"மன்னிச்சுக்குங்க, ராங் நம்பர்."
"வைக்காதீங்க! நீங்க மதுரையா?"
"ஆமா, டவுன்ஹால் ரோடு."
"கும்பிட்டுக் கேக்கறேன், வெளிய போய்
கூட்டம் நிக்குதான்னு
பாத்துட்டு வந்து சொல்லுங்க."

போனவர் வர பதினொரு நிமிஷம்.
அதுவரை அந்தப் பக்கம் ஒரு மின்விசிறி மட்டும்
சுற்றுகிற சத்தம்.

கட்டையை எடுக்கவில்லை.
மாத அறிக்கையில் ஏழாவதற்கு நேரே
பழுது என்று எழுதினேன்.