எண்பது வீதம்

பதினொரு வீதத்தோடு வந்து நின்றது என் வண்டி.
ஹம் நகருக்குப் பக்கத்தில், ரைனெர்ன் தரிப்பிடம்.
நவம்பர், ஐந்து மணிக்கே இருட்டு.
பின்பெட்டியில் நாற்பத்தாறு பேருடைய இரத்தம்
குளிர்ப்பெட்டிக்குள், பெயர் ஒட்டி.
மழை இல்லை. இந்தப் பக்கத்தில் அதுவே ஒரு செய்தி.

அடுத்த தூணில் ஒரு மீசைக்காரர்,
குட்டர்ஸ்லோ இலக்கத்தகடு,
கைபேசியைப் பார்த்துத் தனக்குள் சிரித்தார்.
"ஐந்து நிமிடத்தில் நிறையும் பட்டரி.
திரும்பவும் கண்டுபிடித்துவிட்டார்கள்."
"போன வருடமும் கண்டுபிடித்தார்கள்" என்றேன்.
"அதற்கு முதல் வருடமும்."
"ஒவ்வொரு முறையும் நான் அதை
நாற்பது நிமிடம் நின்றுதான் வாசிக்கிறேன்."

இப்படித்தான் பகிடி தொடங்கியது.
வணக்கம் இல்லை, பெயர் இல்லை.
பத்தொன்பது வீதம்.

சிவப்பு ரெனோவிலிருந்து ஓர் அம்மா இறங்கினா.
கையில் வார், வாரின் முடிவில் குட்டையாய்க் கறுப்பு நாய்.
நாயின் பெயரைக் கேட்டோம்.
"குவார்க்."
"அணுவுக்குள்ளே இருக்கிறதே, அந்தத் துகளா?"
மீசைக்கு முகம் மலர்ந்தது.
"கடையில் டப்பாவில் இருக்கிறதே, அந்தத் தயிர்க்கட்டி.
குட்டியில் வெள்ளை. வளர வளரக் கறுத்துப்போனான்.
உங்கள் துகளும் நிறம் மாறுமாமே?"

முப்பத்தொரு வீதம் வரை
மீசை வாய் திறக்கவில்லை.

திறந்ததும் அணுக்கரு இணைவு.
"இன்னும் முப்பது வருடத்தில் வந்துவிடும்."
"என் கல்யாண நாளிலும் முப்பது என்றுதான் சொன்னார்கள்" என்றா அம்மா.
"கல்யாணம் வந்தது, போனது.
முப்பது மட்டும் அப்படியே நிற்கிறது."

பொதி வாகனத்தில் சாய்ந்து நின்ற பெடியன்
ஒரு காதின் கருவியைக் கழற்றினான்.
"நிலாவும் போய்க்கொண்டிருக்கிறது, தெரியுமா?
வருடத்துக்கு நாலு சென்டிமீட்டர் கிட்ட.
நகம் வளர்கிற வேகம்."

எல்லாரும் நகத்தைப் பார்த்தோம்.
நான் நீலக் கையுறையைக் கழற்றிப் பார்த்தேன்.
வெட்ட வேண்டியிருந்தது.

"அவள் எங்கே போகிறாள்?" என்றேன்.
"அவன்" என்று திருத்தினார் மீசை.
இருபது வருடமாய் இந்த ஊர் மொழியில்
நிலாவை நான் பெண்ணாக்கிவிடுகிறேன்.
"எங்கள் இலக்கணத்தில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை.
அது, அவ்வளவுதான்."
"விட்டுப் போகிறவனுக்கு அதுவே பெரிய மரியாதை" என்றா அம்மா.

விடுவேனா.
"எங்கள் ஆட்கள் எத்தனையோ தலைமுறையாய்
பிள்ளைக்குச் சோறூட்டும்போது
அதையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.
சாப்பாட்டைக் கேள்விப்பட்டிருக்கும்."
பெடியன் மற்றக் காதையும் கழற்றினான்.
அறுபத்திரண்டு.

எங்கே ஓட்டம் என்று கேட்டார்கள்.
பீலஃபெல்ட் என்றேன்.
"அப்படி ஓர் ஊரே இல்லையே" என்றார் மீசை,
இந்த நாட்டில் எல்லாரும் சொல்கிற பழைய பகிடி.
"இல்லாத ஊருக்கு நாற்பத்தாறு பேரின் இரத்தம் போகிறது."

அம்மா என் பின்பெட்டியைப் பார்த்தா.
"வெர்லிலிருந்தும் ஏற்றினீர்களா?"
"ஓம். மூன்று மருத்துவர்கள்."
"அப்போ நானும் அதற்குள் இருக்கிறேன் போல."
சட்டைக்கையைச் சுருட்டினா.
முழங்கை மடிப்பில் பஞ்சு,
அதன்மேல் குறுக்காய் ஒட்டுநாடா.

குவார்க் தூணை மோந்தது.
மின்வடம் முனகியது.
எதற்கான பரிசோதனை என்று
மூன்று பேரும் கேட்கவில்லை.

"குலுக்காமல் ஓட்டுங்கள்" என்றா.
"என் இரத்தத்துக்குக் கார்ப் பயணம் ஒத்துக்கொள்ளாது."
முதலில் சிரித்தவன் பெடியன்.

எண்பது. அதற்கு மேல் ஆமை வேகம்,
நிற்பதில் அர்த்தம் இல்லை.
எண்பத்துமூன்று வரை நின்றேன்.

பெட்டியைத் திறந்தால் நாற்பத்தாறு பெயர்கள்.
அதில் ஒன்று அவவுடையது.
எனக்குத் தெரிந்தது நாயின் பெயர்தான்.
திறக்கவில்லை.

வலது ஓடுபாதையில், மணிக்கு எண்பத்தைந்தில்,
வளைவுகளைத் தொட்டும் தொடாமலும் போனேன்.
போலந்து லொறிகள் வெளிச்சம் அடித்து அடித்து
ஒவ்வொன்றாய் முந்திக்கொண்டு போயின.