மௌனங்களை நீக்கு

மண்டபம் பேருந்து நிலையத்துக்கு எதிரே
மாடியில் ஓர் அறை. அடிக்கடி மின்வெட்டு.
ஒலிப்பதிவில் நிமிடத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்.
கேட்பதற்குக் கூலி என்று வீட்டில் சொன்னேன்.
"யார் சொல்றத?" என்று கேட்டார்கள்.

முதலில் மென்பொருள் கேட்கும், பிறகு நான்.
அதற்குச் செய்தி வாசிப்பவர்களின் தமிழ் தெரியும்.
சின்ன ஏர்வாடிப் பேச்சைக் காற்றோடு கொடுத்தால்
வள்ளத்தில் ஏற்றிய ஆடு மாதிரி முழிக்கும்.

"சோளகம் எறங்குனா பாசிக்குப் போவ மாட்டோம்."
சோளம் இறங்கினால் பேசிக்கப் போக மாட்டோம்.
"பாரஸ்டுக்காரன் சாக்கப் புடுங்கிட்டான்."
பாரிசுக்காரன் சாக்லேட் பிடுங்கிவிட்டான்.

முதல் வாரம் தனியாகச் சிரித்தேன்.
இரண்டாம் வாரம் சிரிக்க நேரமில்லை.

அதிகம் வந்த சொற்களை மேகமாக்கிக் காட்ட
ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால்
நடுவில், எல்லாவற்றையும் விடப் பெரிதாக,
மரிக்கொழுந்து.
மதுரையிலிருந்து பேராசிரியர் அழைத்தார்:
"இவங்க பூ விக்கிறவங்களா?"
பாசி, ஐயா. கடலடியில் பாறையில் இருக்கும்.
கையில் துணி சுற்றிப் பிய்ப்பார்கள்.
மணமெல்லாம் கிடையாது.

ஏழாம் எண், வயது நாற்பத்தி நான்கு.
படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் கேட்டிருக்கிறார்:
"எம் பேரப் போடுவீகளா?"
மாட்டோம் அக்கா, யாருக்கும் தெரியாது.
"பெறகு நாந்தான் சொன்னேன்னு எப்படித் தெரியும்?"
இதற்கு எங்களிடம் படிவம் இல்லை.
இங்கேயும் நான் போடவில்லை.

இருபத்திரண்டாம் நிமிடம், நாற்பத்தோராம் விநாடி.
கேள்வி: ஒரு முங்குக்கு எவ்வளவு நேரம் உள்ளே இருப்பீங்க?
பதில்:
கேள்வி: வள்ளத்துக்கு வாடகை எவ்வளவு?

நடுவில் ஒன்றுமில்லை.
திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஒன்றுமேயில்லை.
கேள்வி கேட்ட கீழக்கரை சபூராவை அழைத்தேன்.
"அவங்க சொல்லல, செஞ்சு காட்டுனாங்க.
மூச்சப் புடிச்சிட்டு உக்காந்துட்டாங்க.
எனக்குப் பயமாப் போச்சு."

அமைப்புகளுக்குள் போய்த் தேடினேன்.
'மௌனங்களை நீக்கு.'
யாரும் தொடாமலே பச்சைக் குறி போட்டிருந்தது.
எடுத்தேன்.
ஒலி ஐம்பத்திரண்டு விநாடி நீண்டது.

காற்று.
எங்கோ ஒரு டீசல் எஞ்சின், இருமி, நின்று.
சபூராவின் வளையல்.
காகம் இல்லை. இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
நாற்பதாவது விநாடியில் ஒரு பிள்ளை,
"அது ஏன் பேசாம இருக்கு?"
யாரோ அதன் வாயைப் பொத்துகிறார்கள்.
அப்புறம் ஒரு மூச்சு
சீழ்க்கை மாதிரி மேலே வந்து உடைகிறது.
அதை மென்பொருள் எழுதியது:
ஊர்.

திருத்த விரலைக் கொண்டுபோனேன்.
மின்சாரம் போனது.

வந்த பிறகு மறுபடி ஓட்டினேன்.
திரையில் செங்கோடு நகர நகர
நானும் மூச்சைப் பிடித்தேன்.
முப்பத்தொன்றில் விட்டுவிட்டேன்.
காய்ந்த அறை, பிளாஸ்டிக் நாற்காலி.
காலில் தகரம் கட்டவில்லை.
கண்ணாடிக்குள் தண்ணீர் இறங்கவில்லை.
ஒரு கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு
மறுகையால் எதையும் பிய்க்கவில்லை.

பதிலுக்கு ஒரு குறியீடு கொடுக்க வேண்டும்.
வருமானம். இடர். வனத்துறை. உடல்நலம். பிற.
'பிற' என்று போட்டேன். அழித்தேன்.
பழுப்பு நிறம் அந்தப் பதிலுக்குப் பொருந்தவில்லை.
இன்னும் நிறமில்லாமல்தான் கிடக்கிறது.

மாதக் கடைசியில் கணக்கு அனுப்பினேன்,
ஏழாம் எண்ணில் ஐம்பத்திரண்டு விநாடி கூட்டி.
பத்து ரூபாய் நாற்பது காசு.
"பேசாத நேரத்துக்குமா?" என்று
மதுரையிலிருந்து ஒரு வரி வந்தது.
அது பதில் சொன்ன நேரம் என்று எழுதினேன்.
அப்புறம் ஒன்றும் வரவில்லை.

பன்னிரண்டாம் எண் ஓடத் தொடங்கியிருக்கிறது.
காற்றுதான் முதலில்.
சோளம், என்கிறது அது.