காயாத இடம்

கொரட்டூர் ஏரிக்கரை, ஞாயிறு காலை ஆறரை.
முக்காலியை விரித்துக் கித்தானை நிறுத்தியதும்
ஜோவிதா கேட்டாள்:
"ஆன்ட்டி, மூச்சு விடலாமா?"

விடலாம் என்பதற்குள்
ஓர் எறும்பைப் பார்த்துவிட்டாள்,
எறும்புக்குப் பின்னால் போய்விட்டாள்.
நான் முதலில் வரைந்தது
அவள் நின்றிருந்த இடத்தை.

வாரத்தில் ஆறு நாள் எனக்குப் பல் வேலை.
பாடியில் ஒரு லேப்.
யார் யாருக்கோ போகும் பீங்கான் பற்களுக்கு
நிறம் பொருத்துகிறேன்.
அட்டையில் பதினாறு வெள்ளை உண்டு.
வெற்றிலை போடுகிற ஒருவர் சொல்லியனுப்பினார்:
"ரொம்ப வெள்ளை வேணாம்மா, ஊர் நம்பாது."
அன்றிலிருந்து சுத்த வெள்ளையை
நானும் நம்புவதில்லை.

கொக்கின் முதுகில்கூடக் கொஞ்சம் காவி கலந்தேன்.
நாமக்கோழியின் நெற்றிக்கு மட்டும்
டியூபிலிருந்து நேராக ஒரு பொட்டு.

ஜோவிதாவின் அம்மா சொல்லியிருந்தாள்:
"தண்ணி நல்லா நீலமா இருக்கட்டும்க்கா,
ஹால்ல மாட்டப்போறோம்.
முடிஞ்சா ரெண்டு அன்னம்."

நான் பார்த்த தண்ணீர்
ஒரு பக்கம் தேநீர், ஒரு பக்கம் பாசி,
ஆகாயத்தாமரைக்கு அடியில் கிட்டத்தட்டக் கறுப்பு.
அரக்கோணம் ரயில் கடக்கும்போது
ஜன்னல் ஜன்னலாக வெள்ளி.
நீலத்தைத் தேடினேன்,
அது அவள் கவுனில் இருந்தது.
அங்கிருந்து ஒரு கீற்று எடுத்து
காலடித் தண்ணீரில் போட்டேன்.
என்னால் முடிந்த நீலம் அவ்வளவுதான்.

முதல் ஞாயிறு நிழல்கள்.
அடுத்தது கன்னம், வாய்.
மூன்றாவது, மழை.
நான்காவது ஞாயிறு
எதையோ கைக்குள் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.
விரித்தால், ஒரு பல்.
மேல் வரிசை, நடு, இடது.

"கூரை மேல போடணுமாம்.
எங்க பிளாட்டுல மொட்டை மாடிதான்,
அதுவும் பூட்டியிருக்கு.
இங்க போடவா?"

போட்டாள்.
சத்தம்கூட வரவில்லை.
"ஏரிக்குப் பல் முளைக்குமா?" என்று
அவள் சிரித்த சிரிப்பில்
நான் தீட்டிய வாய் செல்லாமல் போயிற்று.

கத்தியை எடுத்து வழித்தேன்.
எண்ணெய்ச் சாயத்தில் இது ஒரு சலுகை.
இந்த ஊர்க் காற்றின் ஈரத்தில்
எதுவும் சீக்கிரம் காய்வதில்லை,
மனம் மாறுவதற்கு நேரம் உண்டு.

இடைவெளிக்கு என்ன நிறம்?
பதினாறில் இல்லை.
லேப்பில் என்றால் அடைக்கச் சொல்லித்தான் அனுப்புவார்கள்.
கறுப்பு வைத்தேன், ஓட்டை.
சிவப்பு வைத்தேன், காயம்.
கடைசியில்
ஆகாயத்தாமரைக்கு அடியில் வைத்த அதே கலவை,
அம்பரும் அல்ட்ராமரைனும்,
அதில் துரும்பு அளவு ரோஜா.
தூரிகையை எடுத்ததும்
படத்தில் இருந்தவள் மூச்சு விட்டாள்.

அப்புறம் பத்து வாரம்
சமையலறையில், ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில்.
சாம்பாரிலும் டர்பன்டைன் வாசனை.
வானத்தில் ஒரு கொசு ஒட்டிக்கொண்டது.
இருக்கட்டும் என்று விட்டேன்,
தள்ளி நின்றால் பருந்து.

எடுத்துப்போக வந்தார்கள்.
ஜோவிதாவுக்குப் பாதிப் பல் வந்திருந்தது,
விளிம்பில் மூன்று சின்ன மேடு, ரம்பம் போல.
கடித்துக் கடித்துத் தேய்ந்துவிடும்.
நான் செய்யும் பற்களில்
அதை யாரும் கேட்பதில்லை.

அம்மா படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.
"அழகா இருக்கு.
அன்னம் எங்கக்கா?"

ஜோவிதா கித்தானுக்கு மூக்கை ஒட்டி நின்றாள்.
தன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.
மூலையில் நீந்தும் நாமக்கோழியைக் காட்டினாள்:
"அம்மா, இதுதான் என் பல்லை எடுத்திருக்கு.
பாரு, நெத்தியில வச்சிருக்கு."

தொடாதே,
அங்கே மட்டும் இன்னும் காயவில்லை என்றேன்.

தொட்டாள்.